எங்களை ஷிஃப்ட் பண்ணிய வருடம்

புனேயில் விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவின் கடைசி வீடுகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு போர் விமானம் போனது. அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் பல்லில் விழும், நெஞ்சுக்கூட்டில் விழும், அது போன பிறகும் கொஞ்ச நேரம் உலகம் ஊமையாக இருக்கும். சித்தப்பா வீட்டில் மூன்று மாதம் இருந்ததில் எனக்கு அது பழகிவிட்டிருந்தது. தோளில் பள்ளிக்கூடப் பை. அதில் புத்தகம் இல்லை, இரண்டு சட்டையும் ஒரு கால்சட்டையும் துண்டும்தான். ஆளந்தி வழியாக சாகண் போகவேண்டும். அங்கேதான் அம்மாவும் அப்பாவும் தங்கையும் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. வயது பதினைந்து. கோபத்தில் நடப்பவனுக்குத் தூரம் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எனக்கு ஒவ்வொரு மைலும் நன்றாகத் தெரிந்தது.

அப்போது எனக்கு ஆங்கிலம் வராது, இப்போதும் கொஞ்சம்தான். ஆனால் ஓர் ஆங்கில வினைச்சொல்லை மட்டும் எந்த வாத்தியாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன். அதுதான் 'ஷிஃப்ட்'.

எங்கள் வீட்டில் அது முதலில் அப்பாவின் தூக்கமாக இருந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, போசரியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் சேர்ந்தவர். 'ஃபஸ்ட் ஷிஃப்ட்' என்றால் விடியுமுன் அம்மா அடுப்பு பற்றவைப்பாள். 'தேர்ட் ஷிஃப்ட்' என்றால் பகல் முழுவதும் நானும் தங்கையும் ஊமைகளாக இருக்கவேண்டும், டம்ளர் விழுந்தால்கூட முதுகில் விழும். பிறகு அந்தச் சொல் வெளியேயும் கேட்க ஆரம்பித்தது. வகுப்பில் உயரமாக இருந்தவர்களை, மராத்தி சரியாகப் பேசவராதவர்களை, கடைசி பெஞ்சுக்கு 'ஷிஃப்ட்' பண்ணினார்கள். தங்கைக்கு டெங்கு வந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று இன்னொன்றுக்கு 'ஷிஃப்ட்' பண்ணச் சொன்னார்கள். பண்ணியது அவர்கள் அல்ல, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடிய அப்பா. சந்தையில் போலீஸ்காரர்கள் வண்டிக்காரர்களைத் தடியால் தட்டி, 'ஷிஃப்ட் கரோ, ஷிஃப்ட் கரோ', நகர்த்து நகர்த்து என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று வாரத்துக்கு ஒருமுறை இருந்தது, ஐந்து பேருக்கு ஒரு விசைப்பலகை. அதில் அந்தப் பெயரில் ஒரு விசை இருக்கிறது, அதை அமுக்கிக்கொண்டு தட்டினால் சின்ன எழுத்து பெரிய எழுத்தாகும் என்று ஆசிரியை காட்டினார். அந்தச் சொல் எதையாவது பெரிதாக்கி நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

தமிழில் ஒருவனை வெளியே அனுப்பினால் துரத்தினார்கள், ஒதுக்கினார்கள், கொண்டுபோய்த் தள்ளினார்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லும்போதே தள்ளிய கை யாருடையது என்று தெரிந்துவிடும், சொல்கிறவனுக்கும் கொஞ்சம் கூசும். இந்த ஆங்கிலச் சொல்லில் கூச்சமே இல்லை. தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ஒரே மாதிரி நுழைந்துகொள்ளும், பீரோவுக்கும் மனிதனுக்கும் ஒரே சொல். எனக்கு அதன்மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் அந்த வருடத்தைச் சொல்லவேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அப்பாவின் தொழிற்சாலையை சாகணுக்கு 'ஷிஃப்ட்' பண்ணினார்கள். அதே நேரத்தில் எங்கள் வாடகை வீட்டின் பதினோரு மாத அக்ரிமென்டும் முடியவிருந்தது. இந்த ஊரில் எல்லா அக்ரிமென்டும் பதினோரு மாதம்தான், பன்னிரண்டாவது மாதத்தில் மனிதன் எங்கேயும் இருப்பதில்லை போல. ஜூலை கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்பா அலைந்து மோஷியில் ஒரு வீடு பிடித்தார். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் கடைசி. அங்கிருந்து என் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகலாம், அப்பாவுக்கு சாகணுக்கு பஸ் உண்டு. எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே சிமென்ட் திட்டு, அதில் படுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே அதில் படுத்துப் பார்த்தேன், கால் நீட்ட இடமிருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஜூலை கடைசி ஆடி மாதம். அம்மா எதற்கு வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வாள், ஆடியில் வீடு மாற ஒத்துக்கொள்ள மாட்டாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது, நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்து, புது வீட்டில் விளக்கேற்றி, உப்பும் மஞ்சளும் பருப்பும் நிறைகுடம் தண்ணீரும் வைத்துப் பால் காய்ச்சிவிட்டால் குடியேறியதாகக் கணக்கு. பிறகு சாமான்கள் ஆடியில் வந்தாலும் குற்றமில்லை.

அப்படியே செய்தோம். மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய், மழைச்சாரல் அடிக்கிற அந்த வெற்று அறையில் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. "பொங்கிட்டுல்லா, இனி இது நம்ம வீடு. சாமான் எப்ப வந்தா என்ன?" என்றாள். சீனி போட்டு முதல் டம்ளரை வீட்டுக்காரர் மனைவிக்குக் கொடுத்தாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே குடித்தாள். வீட்டுக்காரரை நாங்கள் மராத்தி முறையில் 'காகா' என்று கூப்பிட்டோம், நெற்றியில் புக்கா என்ற கறுப்புப் பொடி வைத்த பெரிய மனிதர். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வரும் என்று சொன்னதால் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். முருகன் படமும் காமாட்சி விளக்கும் உப்புப் பொட்டலமும் அங்கேயே இருந்தன. எங்களைப் பொறுத்தவரை நாங்கள் அங்கே குடியிருந்தோம்.

ஜூலை கடைசியில் டெம்போவில் சாமான்களை ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி, கொட்டுகிற மழையில் போய் இறங்கியபோது எங்கள் வாசலில் வேறு யாருடையவோ துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு குழந்தை அழுதது.

காகா குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் குழப்பம்தான், அதை நான் மறுக்கவில்லை. "தும் ஷிஃப்ட் ஹுவே ஹி கஹான்?" என்றார். நீங்கள் எங்கே குடிவந்தீர்கள்? ஒரு விளக்கும் ஒரு பொட்டலம் உப்பும் வைத்துவிட்டுப் போனீர்கள், அப்புறம் ஆளையே காணோம், வரமாட்டீர்கள் என்று நினைத்தேன், நல்ல குடும்பம் ஒன்று கேட்டது, கொடுத்துவிட்டேன். "தும்ஹாரா சாமான் உதர் ஷிஃப்ட் கியா" என்று மாடிப்படியின் கீழே கை காட்டினார். அங்கே ஒரு பாலிதீன் பையில் முருகனும் விளக்கும் இருந்தன. உப்பு கரைந்து பைக்குள் தண்ணீராக நின்றது.

அம்மாவுக்கு இந்தி வராது. ஆனாலும் நேராக வீட்டுக்காரர் மனைவியிடம் போய், "தூத் பியா நா? தும் தூத் பியா நா?" என்று கத்தினாள். பாலைக் குடித்தாய் அல்லவா? அந்த அம்மாள் பயந்துபோய், "ஹா, அச்சா தா" என்றாள். ஆமாம், நன்றாக இருந்தது.

"கேட்டேளா, நல்லா இருந்துச்சாம்!" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். "பாலைக் குடிச்ச வாயால சொல்லுதா பாருங்க. நீங்க என்ன மரம் மாதிரி நிக்கிய? கேளுங்க!"

அப்பா கேட்கவில்லை. காகா அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார், அதற்குமேல் என்ன கேட்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. டெம்போக்காரன் அடுத்த வாடகை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் எங்கே இறக்குவது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா. அவர் வாயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், மிச்ச இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. எங்கெங்கோ சுற்றிவிட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் இந்த ஊருக்கு வருகிறேன், வந்தால் கிடைக்கிற வேலையைச் செய்வேன். போன முறை அங்கே ஒரு வீட்டில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த பெண், கணினிக் கம்பெனி வேலை, போனில் யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்: "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடலாம்மா. சாமான்லாம் மெதுவா ஷிஃப்ட் பண்ணிக்கலாம். சாவி ஓனர்கிட்டயே இருக்கட்டும், ஏசி மாட்ட ஆள் வராங்களாம்." குழாய்க்கு அடியில் படுத்திருந்த நான் என்னை அறியாமல், "சாவியக் குடுக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டு, "அண்ணா, நீங்க தமிழா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். சிரித்தாள். "அதெல்லாம் பக்கா அக்ரிமென்ட் இருக்குண்ணா" என்றாள். இருக்கும். அவர்களுக்கு இருக்கும். கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து தேடவேண்டியதாயிற்று. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

அன்று மழையில் எங்களைக் காப்பாற்றியவர் காம்ப்ளே. அப்பாவோடு வேலை பார்த்தவர், சாகணில் இரண்டு அறை வைத்திருந்தார், ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். ஆனால் அவருக்கு வயது வந்த இரண்டு பெண்கள். மீசை அரும்புகிற பையனை அந்த வீட்டில் வைத்துக்கொள்வது சரியாக இருக்காது என்று அவர் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். அப்படித்தான் நான் லோஹேகாவில் சித்தப்பா வீட்டுக்கு வந்தேன். "ரெண்டு நாளைக்கு மக்கா, அப்பா வேற வீடு பாத்துருவாவ" என்றாள் அம்மா.

சித்தப்பா விமானப்படையில் குமாஸ்தா. கெட்டவர் இல்லை. முதல் வாரம் நான் ஹாலில் படுத்தேன். டிவி பார்க்க இடைஞ்சல் என்று சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் 'ஷிஃப்ட்' ஆனேன். பிறகு பால்கனி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அருகில். மழை சாய்வாக அடித்தால் பாயின் பாதி நனையும், மீதிப் பாதியில் சுருண்டுகொள்ளவேண்டும். போசரிப் பள்ளியிலிருந்து என் பெயரை இங்கே 'ஷிஃப்ட்' பண்ணவேண்டும் என்று சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார், திங்கட்கிழமை மறந்துவிடுவார். சித்தி மட்டும் மறக்காமல் ரேஷன், கேஸ், தண்ணீர் கேன், பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றுவது எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள். "சும்மாதானல இருக்க, படிப்பா கெடப்போவுது?" என்பாள். இந்தப் பக்கத்தில் தீபாவளிக்கு முன்பே நடக்கும் அரைப்பரீட்சை நாட்கள் வந்தன. போசரியில் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். "இனி அடுத்த வருஷம்தான்" என்றார் சித்தப்பா. என் படிப்பு அந்த இடத்தில் நின்றது, பிறகு அசையவே இல்லை.

அவர்களுடைய மகனுக்கு ஆறு வயது. தமிழ் அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவன் சிநேகிதன் என்னைக் காட்டி யார் என்று கேட்டதற்கு, "யே மேரா அண்ணா ஹை, யே ரஹ்தா நஹி, ஷிஃப்ட் கியா ஹை" என்றான். இவன் என் அண்ணன், எங்கள் வீட்டில் வசிக்கவில்லை, ஷிஃப்ட் பண்ணியிருக்கிறது. என்னைப் பார்த்து, "கரெக்ட்தானே அண்ணா?" என்று வேறு கேட்டான். அவனை அடிக்க முடியாது. அவன் சரியாகத்தான் சொன்னான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சித்தப்பா அப்பாவிடம் போனில் பேசினார், ஸ்பீக்கரில் வைத்துப் பேசுவது அவர் பழக்கம். "அண்ணே, இவ தம்பி குடும்பத்தோட வாரான், எடம் பத்தாது. பயல ஊருக்கு ஷிஃப்ட் பண்ணிருவோமா? மாமா கடையில நிக்கட்டும்." பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டு, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். என் ஆயுளில் ஒரு வார்த்தைக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. வேண்டாம், அவன் என்னோடு இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும்.

"சரிப்பா" என்றார் அப்பா. "பாத்துக்கிடலாம்."

மறுநாள் பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஆளந்தியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்திருந்தேன். யாரோ கொடுத்த பொரியைத் தின்றேன். சாகண் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காம்ப்ளேயின் மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் போட்டாள். அம்மா என் காலைப் பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். "நடந்தால வந்த? அறிவுகெட்ட மூதி, ஒரு போன் பண்ணப்படாதா?" என்று திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிட்டாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தார். அந்த அறையில் எங்கள் சாமான்கள் கூரைவரை அடுக்கியிருந்தன, பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையில் மூன்று பேர் எப்படிப் படுக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. முருகன் படத்தை மட்டும் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

காம்ப்ளே நிலைமையைப் பார்த்துவிட்டு, "இஸ்கோ மேரே சர் பே சுலா தோ, காலி ஹி ஹை" என்றார். இவனை என் தலைமேல் படுக்கவையுங்கள், அது காலியாகத்தான் இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கு இங்கன கெட" என்றார் அப்பா. "நாளைக்கு சூப்பர்வைசர்ட்ட கேக்கேன். குடோன்ல ஒரு மூல இருக்கு. அங்க உன்ன ஷிஃப்ட்..."

"ஷிஃப்ட் பண்ண வேண்டாம்பா" என்றேன். "நான் என்ன பீரோவா?"

அம்மாவின் கை என் காலில் அப்படியே நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பீரோவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "நான் என்னல செய்ய?" என்று கேட்டார். அது எனக்குச் சொன்ன பதில் மாதிரி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

காம்ப்ளேயின் மோட்டார் சைக்கிள் நிற்கிற நடையில் படுத்தேன். விடிந்ததும் எழுந்து, அம்மா டீ போடுகிற சத்தம் கேட்கும்போதே நெடுஞ்சாலைக்குப் போய்விட்டேன். தொழிற்சாலைகளில் சரக்கு ஏற்றிய லாரிகள் சாலையோரமாக நீளமாக நின்றுகொண்டிருந்தன. நாமக்கல் வண்டி ஒன்றின் பக்கத்தில் டிரைவர் பல் துலக்கிக்கொண்டே தனியாகத் திட்டிக்கொண்டிருந்தார். தமிழ்த் திட்டு. கிட்டே போய் என்ன என்று கேட்டேன்.

"என்ற கிளீனர் பையன் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டானப்பா. பொண்ணு பாக்கப் போறானாமா. மொகரைக்குப் பொண்ணு." வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரப்பா? எந்த ஊரு?"

திருநெல்வேலி என்று சொல்ல நான் அங்கே வளரவில்லை. புனே என்று சொல்லவும் வாய் வரவில்லை. "வண்டி எங்க போவுது?" என்றேன்.

"ஓசூரு. அங்கிருந்து எங்க லோடு கெடைக்குதோ அங்க. ஒரு எடத்துல நிக்காது, பாத்துக்க. தூக்கம் கெடையாது, சோறு நேரத்துக்குக் கெடையாது, வண்டியிலதான் படுக்கோணும்."

"கால் நீட்டலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "டிரைவர் சீட்டுக்குப் பின்னால முழுப் பலகை இருக்குது, நல்லா நீட்டு. உங்கப்பன் தேடி வந்து என்ற சட்டையப் புடிக்கமாட்டானல்ல?"

"மாட்டாங்க" என்றேன்.

"அப்ப போயி பின் சக்கரத்துக் கட்டைய எடுத்துப்போட்டுட்டு வா."

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அவர் எஞ்சினைக் கிளப்பினார். நான் குனிந்து, சேற்றில் அழுந்திப்போயிருந்த மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்தேன். சக்கரம் அசைந்தது. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய், போய்க்கொண்டிருந்த வண்டியில் நானே ஏறினேன்.